கோல்ஃபில் ஸ்லைஸ் நீங்க ஸ்விங்கை மாற்றுவது: முதலில் கிரிப்பா, பாதையா?

கிண்டி_காலை:

எல்லோருக்கும் வணக்கம். வலது கை ஆட்டம், ஹாண்டிகேப் (ஆட்டத் திறன் எண், குறைந்தால் நல்லது) 17. டிரைவர் (மிக அதிக தூரம் அடிக்கும் கிளப்) எப்போதும் ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. 7 அயர்ன் (நடுத்தர தூரக் கிளப்) லேசாக இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும். லாஞ்ச் மானிட்டரில் (அடியை அளக்கும் கருவி) பார்த்த சராசரி: 7 அயர்னில் கிளப் பாதை மைனஸ் 7 டிகிரி, ஃபேஸ் (கிளப்பின் அடிக்கும் முகம்) மைனஸ் 2. மைனஸ் என்றால் இலக்குக்கு இடப்பக்கம். வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறேன் என்பது தெளிவு.

இரண்டு மாதமாக "உள்ளிருந்து இறக்கு" என்ற ஒரே வேலைதான். பாதை மைனஸ் 1 வரை வந்துவிட்டது. ஆனால் இப்போது பந்து வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் போகிறது. பத்துப் பந்துக்கு ஒரு ஷாங்க் (கிளப் தலையும் தண்டும் சேரும் ஹோசலில் பந்து படுவது) வேறு. ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) ஓரளவு வரும் ஸ்விங், கோர்ஸில் (ஆடுகளத்தில்) முதல் டீயிலேயே (முதல் அடி அடிக்கும் இடத்திலேயே) பழையபடி ஆகிவிடுகிறது.

கிரிப்பை (கிளப்பைப் பிடிக்கும் முறையை) மாற்ற வேண்டுமா? எதை முதலில் செய்வது? ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடிக்கலாம்? மூன்று வாரத்தில் மாதாந்திர மெடல் (அடிகளை எண்ணி ஆடும் போட்டி) இருக்கிறது, ஆடலாமா?

நேர்கோடு:

பதில் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் ஃபேஸ் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளையும் என்பதைத் தீர்மானிப்பது ஃபேஸுக்கும் பாதைக்கும் இடையே உள்ள வித்தியாசம். பழைய பயிற்சி நூல்கள் பலவும் பந்து பாதையின் திசையில் கிளம்பி ஃபேஸை நோக்கி வளையும் என்று எழுதின. ராடார் கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பாடம் திருத்தப்பட்டது.

உங்கள் பழைய ஸ்விங்கில் ஃபேஸ் இலக்குக்கு 2 டிகிரி இடப்பக்கம், பாதையோ 7 டிகிரி இடப்பக்கம். ஆகவே பாதையோடு ஒப்பிட்டால் ஃபேஸ் 5 டிகிரி திறந்திருக்கிறது. இப்போது பாதையை மைனஸ் 1க்குக் கொண்டுவந்தீர்கள், அந்த 5 டிகிரியைத் தொடவில்லை. ஃபேஸ் பிளஸ் 4 ஆகிவிட்டது. வலப்பக்கம் கிளம்பி வலப்பக்கமே வளைவது இதனால்தான். ஸ்விங் கெட்டுப்போகவில்லை, பாதி மாற்றத்தில் நிற்கிறது.

கோர்ஸில் பழைய ஸ்விங் திரும்புவதற்கும் இதுதான் காரணம். பந்து வலப்பக்கம் போவதைக் கண்ட உடம்பு, அடுத்த அடியில் தானாகவே இடப்பக்கம் இழுக்கும். வெளியிலிருந்து வெட்டுவது பலருக்கும் மூலக் குறை அல்ல. திறந்த ஃபேஸைச் சமாளிக்க உடம்பு கண்டுபிடித்த வழி அது. ஃபேஸ் மூடாத வரை அந்த வழியை அது கைவிடாது. எனவே கிரிப்தான் முதலில்.

முதலில் உங்கள் கையுறையைப் பாருங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் அடிமேட்டில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், கிளப் விரல்களில் இல்லாமல் உள்ளங்கையில் கிடக்கிறது, அடிக்கும்போது நகர்கிறது. கிளப் சுண்டுவிரலின் அடியில் தொடங்கி ஆள்காட்டி விரலின் நடு மூட்டு வரை சாய்வாகக் கிடக்க வேண்டும். அதன் பிறகு உள்ளங்கை அடிமேடு கிளப்பின் மேல் வந்து உட்காரும். பந்தை நோக்கி நின்றபடி குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டிகள் முழுதாகவும் மூன்றாவது பாதியும் தெரிவது உங்களுக்குச் சரியாக இருக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே விழும் கோடு வலது தோளை நோக்க வேண்டும். வலது கையிலும் அதே கோடு, அதே திசை. பலர் இடது கையை மட்டும் திருப்பிவிட்டு வலது கையைப் பழையபடி மேலே வைத்துக்கொள்கிறார்கள். அப்போது இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

இன்னொன்று. ஃபேஸைத் திருப்பிவிட்டுக் கிரிப் பிடிப்பது கிரிப் மாற்றம் ஆகாது. ஃபேஸை இலக்குக்கு நேராகத் தரையில் வைத்த பிறகு கைகளைத் திருப்பிப் பிடியுங்கள். இதற்குப் பந்து தேவையில்லை. வீட்டில் கிளப்பைப் பிடிப்பது, விடுவது, மறுபடி பிடிப்பது என்று ஒரு நாளைக்கு 30 முறை. இரண்டு வாரத்தில் புதிய பிடி அந்நியமாகத் தோன்றுவது நின்றுவிடும்.

ரேஞ்சில் முதலில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். பந்து நேராக இடப்பக்கம் போகும், சில நேரம் ஹூக் ஆகும் (இடப்பக்கம் பெரிதாக வளையும்). அதுதான் வேண்டும். இடப்பக்கம் போகும் பந்தைப் பார்த்துப் பார்த்து, கைகள் தாமாகவே வலப்பக்கமாக வீசத் தொடங்கும். பாதையின் பாதி வேலையைப் பந்தே முடித்துத்தரும்.

ஊட்டிப்புல்வெளி:

நேர்கோடு சார் சொன்ன வரிசைதான் சரி. மீதிப் பாதி, அதாவது பாதையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் நிற்கும் நிலை. தரையில் இரண்டு குச்சி போடுங்க. ஒன்று பந்துக்கு வெளியே, இலக்கை நோக்கி. இன்னொன்று கால்விரல் ஓரமாக, அதற்கு இணையாக. நின்ற பிறகு ஒரு கிளப்பை எடுத்துத் தோள்களின் குறுக்கே வைத்துப் பாருங்க. கால் நேராக இருந்தும் தோள் இடப்பக்கம் பார்த்தால், ஸ்விங் ஆரம்பிக்கும் முன்னரே வெட்டு தயார். பந்து இடது கால் பக்கம் அதிகம் தள்ளிப் போயிருந்தால் தோள் தானாகத் திறக்கும். 7 அயர்னுக்குப் பந்து நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் இடப்பக்கம் இருந்தால் போதும்.

அடுத்தது, ஸ்விங்கின் உச்சியிலிருந்து தோள் முதலில் சுற்றுவது. இதற்கு நான் நம்புகிற பயிற்சி: டிரைவரின் உறையை, அல்லது காலி அட்டைப் பெட்டியை, பந்துக்கு 15 செ.மீ. பின்னால், கிளப் தலை அகலத்தைவிட 3 செ.மீ. கூடுதலாக வெளியே தள்ளி வையுங்க. வெளியிலிருந்து வந்தால் அதில் மோதும். கட்டையோ செங்கலோ வேண்டாம், மணிக்கட்டு போய்விடும். வலது காலை 20 செ.மீ. பின்னால் இழுத்து நின்று, முதலில் இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும். 7 அயர்ன் 60, 70 யார்டு போனால் போதும். மூன்று ஒத்திகை, அப்புறம் ஒரு பந்து. இந்தக் கணக்கை மீறாதீங்க. பத்தில் எட்டு பெட்டியைத் தொடாமல் வந்த பிறகுதான் முக்கால் ஸ்விங்.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு ஒரு குறிப்பு. பந்தைப் பவுலர் நிற்கிற திசையில் அடிக்கணும், ஆனால் கையை எக்ஸ்ட்ரா கவர் (இலக்குக்கு வலப்பக்கம்) பக்கம் வீசுகிற உணர்வு வரணும். அவ்வளவு மிகைப்படுத்தினால்தான் கேமராவில் பாதி தெரியும். "ரொம்ப அதிகமாகச் செய்கிறேன்" என்று தோன்றாத மாற்றம் பெரும்பாலும் நடக்கவே இல்லை. ஸ்ட்ரெயிட் டிரைவில் பேட்டின் முகத்தை இலக்கை நோக்கியே நீட்டிப் பிடிக்கிற பழக்கமும் இங்கே உதவாது. கோல்ஃபில் முன்கை சுழன்று ஃபேஸ் மூடணும்.

இதையெல்லாம் போனில் எடுத்துப் பாருங்க, ஆனால் சரியாக. கைகளுக்கு நேர் பின்னால், கைகளின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாகக் கேமரா இருக்கணும். ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் அதே ஸ்விங் வேறு பாதையில் போவது போலத் தெரியும். போன வாரப் படத்தோடு ஒப்பிடவே முடியாது. நிற்கிற இடத்தைத் தரையில் குறித்து வையுங்க.

ஷாங்க்: உள்ளே இறக்கணும் என்று கைப்பிடியை உடம்பிலிருந்து வெளியே தள்ளுகிறீங்க, கூடவே இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வருது. கிளப் தலை வெளியே நகர்ந்து ஹோசலில் படும். சுவருக்கு முதுகு காட்டி, பின்புறம் லேசாகச் சுவரைத் தொடும்படி நில்லுங்க. டவுன்ஸ்விங் (கிளப்பைக் கீழே இறக்கும்) ஒத்திகையில் இடது பின்புறம் சுவரை விட்டு விலகக் கூடாது. கிளப் வேண்டாம், கைகளைக் கோத்துக்கொண்டு செய்தாலே போதும்.

பந்து எண்ணிக்கை 60. அதற்கு மேல் போனால் கை சோர்ந்து பழைய ஸ்விங்கைத்தான் பயிற்சி செய்வீங்க. கீழ் முதுகுக்கும் நல்லதில்லை.

மட்டைப்பட்டறை:

ஸ்விங்கைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். கிளப் பக்கமிருந்து சில விஷயங்கள்.

டிரைவர் ஸ்லைஸுக்குப் பாதை மட்டும் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளைப்பலகை மார்க்கரால் டிரைவரின் ஃபேஸ் முழுதும் பூசி ஐந்து பந்து அடியுங்கள். எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஹீல் பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) பட்டால், ஃபேஸும் பாதையும் சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். டிரைவர் தலையின் எடை மையம் ஃபேஸுக்கு மிகவும் பின்னால் இருப்பதால், ஓரத்தில் படும் அடி தலையைத் திருப்பிப் பந்துக்கு எதிர்ச் சுழற்சி கொடுக்கிறது. டோ பக்கம் (தண்டுக்கு எதிர் நுனி) பட்டால் இதே காரணத்தால் டிரா (இடப்பக்க வளைவு) வரும். உங்களுக்கு ஷாங்க் வருகிறது என்பதால் டிரைவரிலும் ஹீல் அடி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அயர்ன் திருந்தியும் டிரைவர் அடங்காததற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. அயர்னைக் கீழ்நோக்கி அடிக்கிறோம். கீழ்நோக்கி அடிக்கும்போது பாதை கொஞ்சம் வலப்பக்கம் நகரும். டிரைவரில் பந்து முன்னால் இருக்கிறது, கிளப் மேலே ஏறத் தொடங்கியிருக்கும், அதனால் பாதை இடப்பக்கம் நகரும். அதே ஸ்விங்தான், அதே கைகள்தான், ஆனால் வெட்டு கூடிவிடுகிறது. அதோடு லாஃப்ட் (ஃபேஸின் சாய்வு) குறைய குறைய, அதே அளவு திறந்த ஃபேஸ் பந்தை அதிகமாக வளைக்கும். ஆகவே மாற்றத்தை 7 அயர்னில் உறுதி செய்யுங்கள், பிறகு 5 வுட் (டிரைவரைவிடக் குட்டையான, லாஃப்ட் கூடிய கிளப்), கடைசியில் டிரைவர். டிரைவரில் லாஃப்ட் மாற்றும் வசதி இருந்தால் இந்தக் காலத்தில் கூட்டி வையுங்கள்.

கிரிப் ரப்பர் வழவழப்பாகியிருந்தால் புதுப் பிடி நிற்காது. சென்னை வியர்வையில் வழுக்கும் ரப்பரை எல்லோரும் இறுக்கிப் பிடிப்பார்கள், இறுக்கினால் முன்கை சுழலாது, ஃபேஸ் திறந்தே வரும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். அப்போதும் பிடி வராவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். இரண்டு கையுறை வைத்துக்கொண்டு மூன்று ஹோலுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஸ்லைஸைக் குறைக்கும் எடை அமைப்பு உள்ள புது டிரைவரை இப்போது வாங்க வேண்டாம். ஃபேஸ் திருந்திய பிறகு அதே டிரைவர் இடப்பக்கம் இழுக்கும்.

கிண்டி_காலை:

மூவருக்கும் மிக்க நன்றி. கையுறையில் அதே இடத்தில் ஓட்டை இருக்கிறது. மார்க்கர் பூசிப் பார்த்தேன், ஐந்தில் நான்கு ஹீல். கிரிப்பைத் தொடங்கிவிட்டேன். மெடல் பற்றி யாராவது சொல்லுங்கள். அன்று பழைய ஸ்விங்கில் ஆடினால் செய்ததெல்லாம் வீணாகுமா?

நேர்கோடு:

என் கருத்து: ஆட வேண்டாம். கிரிப் மாற்றிய மூன்றாவது வாரம்தான் மிகவும் பலவீனமான நேரம். ஸ்கோர் கார்டு கையில் இருந்தால் ஏழாவது ஹோலிலேயே பழைய பிடி வந்துவிடும். இங்கிலாந்து வீரர் நிக் ஃபால்டோ 1985இல் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய் ஸ்விங்கைப் பிரித்துக் கட்டினார். 1987 பிரிட்டிஷ் ஓப்பனை முய்ர்ஃபீல்டில், கடைசிச் சுற்றில் 18 ஹோலும் பார் (ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கை) போட்டு வென்றார். நடுவே இரண்டு வருடம். டைகர் வுட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 ஷாட் வித்தியாசத்தில் வென்ற பிறகும் பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு சேர்ந்து மாற்றத் தொடங்கினார். 1998இல் பிஜிஏ டூரில் அவருக்கு ஒரே ஒரு வெற்றி, 2000இல் நான்கு பெரிய போட்டிகளில் (மேஜர்) மூன்று. முழுநேரமும் இதையே செய்தவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது.

ஊட்டிப்புல்வெளி:

இதில் நான் சாரோடு உடன்படவில்லை. அவர்களும் மாற்றம் நடந்த காலத்தில் போட்டிகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தாங்க. ரேஞ்ச் ஸ்விங்குக்கும் கோர்ஸ் ஸ்விங்குக்கும் நடுவே பள்ளம் விழக் காரணமே, ஒரே கிளப்பில் ஒரே இலக்குக்கு அடித்துப் பழகுவதுதான்.

மெடல் ஆடுங்க, ஆனால் புதுக் கிரிப்போடு. டிரைவரைப் பையிலிருந்து எடுத்துவிடுங்க. 5 வுட்டோ 4 ஹைப்ரிடோ போதும். வலப்பக்க எல்லைக்கு இணையாக டீயின் வலது ஓரத்தில் நின்று தப்பிக்கப் பார்க்க வேண்டாம், நடுவில் நில்லுங்க. பந்தின் முன் நின்ற பிறகு ஒரே எண்ணம்: கை எக்ஸ்ட்ரா கவருக்கு. கிரிப்பைச் சரிபார்ப்பது பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே முடிந்திருக்கணும்.

அதற்கு முந்தைய இரண்டு வாரமும், 60 பந்தில் முதல் 30 பெட்டி வைத்து. மீதி 30 கோர்ஸில் ஆடுவது போல: 5 வுட், 8 அயர்ன், வெட்ஜ், மறுபடி 5 வுட், ஒவ்வொன்றுக்கும் புது இலக்கு. இந்தப் பகுதியில் ஒரு பந்துக்கு ஒரே அடி, மோசமாகப் போனாலும் திருப்பி அடிக்கக் கூடாது. இதில் நிறையத் தப்பும். தப்பினாலும் இந்த 30ஐக் குறைக்காதீங்க.

நேர்கோடு:

டிரைவர் பையில் இல்லை என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விடுகிறது. ஒரு நிபந்தனை: பந்து இடப்பக்கம் போனால் ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டு பந்து அடுத்தடுத்து வலப்பக்கம் போனால் மட்டும் கிரிப்பை மறுபடி பாருங்கள், வலது கை மேலே ஏறியிருக்கும்.

நான்காவது வாரம் மறுபடி லாஞ்ச் மானிட்டரில் அதே 7 அயர்னால் 15 பந்து. ரேஞ்ச் பந்து என்றால் தூரத்தையும் சுழற்சியையும் நம்ப வேண்டாம், ஃபேஸையும் பாதையையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்திருந்தால், பாதை இன்னும் மைனஸ் 4இல் இருந்தாலும் கிரிப்பைத் தொடாதீர்கள். வித்தியாசம் 3க்கு மேல் இருந்தால் இடது கையை இன்னும் கால் அங்குலம் வலப்பக்கம் திருப்புங்கள், அந்த எண்களை இங்கே போடுங்கள்.