கசிவுச் சோதனையா, சுவறல் சோதனையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிற்றூர் வீட்டில் செப்டிக் டேங்க் அமைக்குமுன், அதிலிருந்து வெளியேறும் நீரை மனையின் மண் ஏற்குமா என்று அறியச் செய்யும் 'பெர்கொலேஷன் டெஸ்ட்' என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'கசிவுச் சோதனை' முன்மொழியப்பட்டுள்ளது. மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் 'கசிவுநீர்க் குட்டை' என்னும் பெயர் ஊராட்சிப் பணிகளில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் இது இயல்பான தேர்வாகவே தோன்றும். ஆயினும் இவ்விடத்தில் அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தொட்டியைக் கட்டி முடித்ததும் நீர் நிரப்பி ஒழுக்கு உண்டா என்று பார்க்கிறோம். கசிவுச் சோதனை என்றால் கொத்தனார் அதைத்தான் எண்ணுவார். தொட்டியில் நீர் கசிந்தால் அது குறை, மண்ணில் நீர் இறங்காவிட்டால் அது குறை. ஒரே மனையில், ஒரே வாரத்தில் நடக்கக்கூடிய இவ்விரு சோதனைகளுக்கும் ஒரே பெயர் இருக்கலாகாது.

தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழிக்கு 'உறிஞ்சுகுழி' என்ற பெயர் வழக்கில் இருப்பதால் 'உறிஞ்சல் சோதனை' எனலாமே என்ற யோசனையும் வந்தது. செங்கல் எவ்வளவு நீரை ஏற்கிறது என்று எடைபோட்டுப் பார்ப்பதை நீர் உறிஞ்சல் சோதனை என்றே கட்டுமானத் துறையில் சொல்கிறோம். அங்கே நீர் கல்லுக்குள் தங்குகிறது. இங்கே மண்ணைக் கடந்து கீழே செல்கிறது. 'ஊடுருவல்' என்பதும் பொருந்தாது; அது மழைநீர் நிலத்தின் மேற்பரப்பைத் துளைத்து உட்புகுவதற்கு உரியது.

நான் முன்வைப்பது 'சுவறல்'. பாய்ச்சிய தண்ணீர் மண்ணில் இறங்கி மறைவதைச் சுவறிவிட்டது என்கிறோம். பழைய நூல்களில் கடல் சுவறியது என்றால் வற்றியது என்றே பொருள் என ஒருவர் மறுக்கக்கூடும். சோதனைக்காகத் தோண்டிய குழியில் நின்ற நீர் கண்ணெதிரே குறைந்துபோவதைத்தான் நாமும் அளக்கிறோம் என்பதால், அந்தப் பொருள் நமக்குத் துணையாகவே நிற்கிறது.

இதைவிட முக்கியமானது அடுத்த சொல். 'பெர்கொலேஷன் ரேட்' என்பதைச் 'சுவறல் வீதம்' என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். குழியை முதலில் நீரூற்றி நன்கு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நீர் நிரப்பி, மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள். 30 நிமிடத்தில் 50 மி.மீ. இறங்கினால் விடை 15, 10 மி.மீ. மட்டுமே இறங்கினால் விடை 75. எண் பெரிதானால் மண் மந்தமானது. வீதம் கூடினால் வேகமும் கூடும் என்று பள்ளியிலிருந்தே பழகிய நமக்கு இது தலைகீழ். ஆகவே 'சுவறல் நேரம்' என்போம். ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தையும் சேர்த்துத் தமிழாக்க வேண்டிய கடமை நமக்கில்லை. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470-இன் 2ஆம் பகுதி இந்த நேரத்துக்கு 30, 60 ஆகிய நிமிடங்களை எல்லைகளாகக் கொள்கிறது. 60-ஐத் தாண்டிய களிமண்ணில் உறிஞ்சுகுழி பயன்படாது.

ஆனால் சுவறல் நேரம் குறைவு என்பதாலேயே நிலம் தகுதியானது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. சுண்ணாம்புப் பாறையில் தேங்கிய நன்னீர், உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதிலிருந்தே. பாறையின் வெடிப்புகளிலும் குகைவழிகளிலும் நீர் விரைந்து இறங்கும்போது, கிருமிகளை வடிகட்ட மண்ணுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. கழிவிலுள்ள நைதரசன் (நைட்ரஜன்) நைத்திரேற்றாக (நைட்ரேட்) மாறி, தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்து வருவதோடு சேர்ந்து கிணற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை மீறிய கிணறுகள் அங்கே பதிவாகியுள்ளன.

எனவே நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்; அதற்கு மூன்றாவதாக ஒரு சொல்லும் நமக்குத் தேவை. சித்திரையில் குழி தோண்டிப் பார்த்துவிட்டு நீர்மட்டம் ஆழத்தில் இருக்கிறது என்று எழுதினால், ஐப்பசி கார்த்திகை மழையில் அதே குழி நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். ஆண்டில் நீர் மிக மேலே ஏறி நிற்கும் நிலையை 'மாரி உச்ச நீர்மட்டம்' என்று பெயரிடலாம் என நினைக்கிறேன். மண்ணின் வெட்டுமுகத்தில் துருச் சிவப்பும் சாம்பலும் கலந்த திட்டுகள் தொடங்கும் ஆழத்தைக் கொண்டு, கோடையிலும் அதை ஓரளவு கணிக்க முடியும். அந்தத் திட்டுகளை உங்கள் ஊரில் கிணறு வெட்டுவோர் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று தெரிவித்தால், அவர்கள் சொல்லையே பட்டியலில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.