புதுப்பிப்பு: அம்மம்மாவுக்குத் திரும்பி வந்த காய்ச்சல்

வைரஸ் காய்ச்சல் தணிந்த அம்மம்மாவுக்கு மறுபடியும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறுகிறது, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். சளி துருநிறம், எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளை. பக்டீரியா நியுமோனியா.

வைரஸ் சுவாசக்குழாயின் உட்படலத்தைச் சிதைத்துவிட, மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த நியுமோகொக்கஸ் என்ற பக்டீரியா நுரையீரலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. 1918 இன்புளுவென்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைக் குடித்ததும் இந்த இரண்டாம் தொற்றுத்தான்.

‘முதல் நாளே அன்டிபயோட்டிக் கொடுத்திருக்கலாமே’ என்று எழுதியவர்களுக்கு: அது வைரஸை ஒன்றும் செய்யாது. வீணாகக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

ஊசி மருந்தில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறார். நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்களாம்.