பொருள்: ‘பிரீலோடு’, ‘சேக்’ ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொல் – ‘முன்சுமை’ குறித்து ஒரு மறுப்பு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நெடும்பயண மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பராமரிப்பவர்களுக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், ‘பிரீலோடு’ (preload – சுமை ஏறுமுன்பே ஷாக் அப்சார்பரின் சுருள்வில்லை நெருக்கி வைப்பது) என்பதற்கு ‘முன்சுமை’ என்று வைத்துக்கொள்ளப் பலரும் இசைவு தெரிவித்திருக்கிறீர்கள். அது பட்டியலில் ஏறுமுன் என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளையும் அது பிசகாமல் பெயர்த்திருக்கிறது. ஆனால் ஷாக் அப்சார்பருக்குள் நடப்பதை அது சொல்லவில்லை.

நடப்பது இதுதான். வண்டியின் மீது எந்தப் பாரமும் இல்லாமல் பின்சக்கரம் தொங்கும் நிலையிலும், ஷாக் அப்சார்பரில் உள்ள சுருள்வில் தன் இயல்பான நீளத்தில் இருப்பதில்லை; இரு முனைகளுக்கும் இடையே சற்று நெருக்கப்பட்டுத்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அடியில் அல்லது மேலே உள்ள வளையத்தைத் திருகும்போது அந்த நெருக்கம் கூடுகிறது அல்லது குறைகிறது. ஹீரோ ஸ்ப்ளெண்டரின் பின்பக்க ஷாக்கில் உள்ள ஐந்து படிகளும், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் ஒற்றை ஷாக்கில் உள்ள திருகு வளையமும் செய்யும் வேலை ஒன்றே. இதில் சுமை எங்கும் வரவில்லை. சுமை என்பது பிறகு ஏறுவது: ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், இருபுறப் பெட்டிகள், நிரம்பிய பெட்ரோல் டாங்க். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், ‘சுமை கூடினால் முன்சுமையைக் கூட்டுக’ என்று கையேட்டில் எழுத நேரும். அதைப் படிப்பவர் டாங்கின் மேல் பையை வைத்துக் கட்டினாலும் நாம் குறை சொல்ல முடியாது.

‘வில் கடினம்’ என்ற மாற்றுச் சொல் இதைவிடவும் இடர் தருவது. பட்டறைகளில் ‘டபுள்ஸ் போறதா இருந்தா ஷாக்கை ஹார்டு வச்சுக்கோங்க’ என்று சொல்வது வழக்கம். வளையத்தைத் திருகினால் வில்லே கடினமாகிவிடும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் பரவுகிறது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 80 நியூட்டன் விசை வேண்டிய ஒரு சுருள்வில்லை எடுத்துக்கொள்வோம். அதை 10 மி.மீ. நெருக்கிப் பொருத்தினால், 800 நியூட்டன் விசை ஏறும்வரை அது அசையாது. 1,600 நியூட்டன் ஏறும்போது மேலும் 10 மி.மீ. அமுங்கும். நெருக்கத்தை 15 மி.மீ. ஆக்கினால் அதே 1,600 நியூட்டனுக்கு 5 மி.மீ. மட்டுமே அமுங்கும். இரண்டு நிலைகளிலும் வில் தன் இயல்பு நீளத்திலிருந்து மொத்தம் 20 மி.மீ. சுருங்கியிருக்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 80 நியூட்டன்தான் தேவை. ஆகவே ஒரே சீரான வில்லில் மாறுவது அதன் கடினத்தன்மை அன்று, வண்டி நிற்கும் உயரம். கடினமான வில் வேண்டுமென்றால் வில்லையே மாற்ற வேண்டும்.

என் முன்மொழிவு ‘முன்னிறுக்கம்’. சுமை ஏறுமுன் வில்லுக்குக் கொடுக்கப்படும் இறுக்கம் என்ற பொருள், விளக்கம் இல்லாமலே அதில் கிடைக்கிறது. ‘ஷாக்கை டைட் வை’ என்ற பட்டறைப் பேச்சுக்கும் அது நெருக்கமானது. ‘இறுக்கு, தளர்த்து’ என்ற வினைகளும், ‘இறுக்க வளையம்’ என்ற உறுப்புப் பெயரும் அதிலிருந்தே எளிதாகப் பிறக்கின்றன. ‘முன்னமுக்கம்’ என்ற சொல் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் ‘அமுக்கம்’ என்பது தமிழ்நாட்டில் நாம் ‘அழுத்தம்’ என்று படிப்பதைக் குறிக்கிறது. டயரின் காற்றழுத்தம் பற்றிய பக்கமும் அதே கையேட்டில் வருவதால், யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பவர் முன்னமுக்கத்தைக் காற்றோடு தொடர்புபடுத்திக்கொள்ள இடமுண்டு. ‘முன்னழுத்தம்’ என்றாலும் இதே சிக்கல் தமிழ்நாட்டு வாசகருக்கு வரும். இரு கரைக்கும் பொதுவாகப் பயன்படும் சொல்லை ஆள வாய்ப்பு இருக்கும்போது அதை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி ‘சேக்’ (sag). பாரத்தால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதன் அளவு இது. ‘தொய்வு’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் அது செயினுக்கு வேண்டும். சேக்குக்கு என் முன்மொழிவு ‘அமிழ்வு’. பின்பக்கம் தாழத் தாழ, முன்பல்சக்கரம், பின்சட்டத்தின் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங்ஆர்ம்) அச்சு, பின்சக்கர அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டை நெருங்குகின்றன. மூன்றும் நேராகும் நிலையில் செயின் மிக அதிகமாக இழுபடும். அந்த நிலைக்கு இடம்விட்டே செயினைத் தளர்வாக வைக்கிறோம். இதை விளக்க ‘அமிழ்வு மிகும்போது தொய்வு குறைகிறது’ என்று எழுத முடிய வேண்டும். இரண்டுக்கும் தொய்வு என்றே பெயரிட்டால் இந்த வாக்கியம் அமையாது.

‘அமிழ்வு’ நீரில் மூழ்குவதை நினைவூட்டுகிறது என்ற எதிர்ப்பைக் கண்டேன். மெத்தையில் அமிழ்வதும் தமிழ்தான். ‘பின்னாடி உட்காருது’ என்ற பேச்சுவழக்கை ஒட்டி ‘அமர்வு’ என்று வைக்கலாம் என்றவரின் எண்ணத்தை மதிக்கிறேன்; ஆனால் கருத்தரங்க நிகழ்ச்சிநிரல்கள் அச்சொல்லை முழுதும் எடுத்துக்கொண்டுவிட்டன. தன் எடையால் மட்டும் வண்டி தாழ்வதைத் ‘தன்னெடை அமிழ்வு’ என்றும், ஆளும் பொருளும் ஏறியபின் உள்ள மொத்தத் தாழ்வைச் ‘சுமை அமிழ்வு’ என்றும் பிரிக்கலாம். முன்னிறுக்கத்தில் சுமையைச் சேர்க்காமல் விட்டதன் பயன் இங்கே தெரிகிறது.

சொற்களை ஒரு பத்தியில் ஓட்டிப் பார்த்தேன். குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்:

“வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தொங்கும்போது, அதன் அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் குறித்த ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளவும். பின் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வழக்கமான உடையுடனும் பொருள்களுடனும் ஏறி அமர்ந்து, வேறொருவரைக் கொண்டு அதே தூரத்தை அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே சுமை அமிழ்வு. சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தொலைவில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம். இன்டர்செப்டர் 650-இன் பின்பக்கத்தில் அத்தொலைவு 88 மி.மீ. என்பதால், 25 முதல் 30 மி.மீ. வரை பொருத்தமானது. அமிழ்வு மிகுந்தால் முன்னிறுக்கத்தைக் கூட்டவும். இருபக்க ஷாக்குகள் உள்ள வண்டியில் இரண்டையும் ஒரே படியில் வைக்கவும். வளையத்தைத் திருகுமுன் மரையில் படிந்த மண்ணைத் துலக்கவும்.”

அமிழ்வு மிகுதியால் வரும் விளைவுகளையும் இதற்கடுத்துச் சேர்க்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சாய்வு கூடுகிறது, வண்டி திரும்பச் சோம்புகிறது; கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளும் பெட்டியுமாக ஏறுபவருக்கு இது சிறிய செய்தி அன்று. முகப்பு விளக்கின் ஒளியும் மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணில் விழும்.

அதிர்வை அடக்கும் எண்ணெயின் வேலைக்குத் ‘தணிப்பு’ என்ற சொல்லைக் கருதியிருக்கிறேன். அமுங்கும்போதும் மீளும்போதும் அது தனித்தனியே அமைக்கப்படுவதால், அந்த இரண்டுக்கும் பெயர் வேண்டும். அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். ‘முன்னிறுக்கம்’, ‘அமிழ்வு’, ‘இறுக்க வளையம்’ ஆகிய மூன்றுக்கும் மறுப்பு இருந்தால், மேலுள்ள பத்தியில் உங்கள் சொல்லை இட்டு எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினன்