குளிரடியா, குளிர்க்காயமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செந்தூல் | செவ்வாய், இரவு 9.40

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மெல்பர்னில் குடியேறிய நம்மூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டுத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். கறிவேப்பிலை, முருங்கை, வெற்றிலை, வாழை, செம்பருத்தி எல்லாம் இருக்கிறது. ஜூன் பிறந்தால் அங்கே குளிர்காலம். செடிகளை எப்படிக் காப்பது என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை அனுப்பித் தமிழாக்கம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சில்லிங் இன்ஜுரி (வெறும் குளிரால் செடிக்கு வரும் கேடு), ஃப்ரீசிங் இன்ஜுரி (நீர் உறைவதால் வரும் கேடு). என்னிடம் உள்ள அகராதியில் இரண்டுக்கும் ‘குளிர்ச் சேதம்’ என்றே இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு என்பதுதான் கையேட்டின் முதல் பக்கமே. செடியின் மேல் போர்த்தும் துணிக்கும் ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு ‘உறைப்பனித் துணி’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் | செவ்வாய், இரவு 10.25

தம்பி, முதலில் அந்த ‘ப்’பை எடுங்கள். உறைபனி வினைத்தொகை. உறைந்த பனி, உறைகின்ற பனி, உறையும் பனி. வல்லினம் மிகாது. ஊறுகாயை யாராவது ஊறுக்காய் என்று எழுதுவார்களா? முப்பத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டதை ஓய்வு பெற்ற பிறகும் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்து, பனி என்ற சொல்லைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தொல்காப்பியர் அதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறார்: ‘பனியென வரூஉம் கால வேற்றுமைக்கு அத்தும் இன்னும் சாரியை ஆகும்’. பனியத்துக் கொண்டான், பனியிற் கொண்டான் என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். நெடுநல்வாடையைத் திறந்தாலோ முதல் அடியே ‘வையகம் பனிப்ப’. அங்கே பனித்தல் என்றால் நடுங்குதல். குளிரும் அதனால் வரும் நடுக்கமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே என் பரிந்துரை: சில்லிங் இன்ஜுரிக்குப் பனிப்பு + ஊறு = பனிப்பூறு. மற்றதற்கு உறைவு + ஊறு = உறைவூறு. ஊறு என்றால் கேடு.

பிரிக்பீல்ட்ஸ் | செவ்வாய், இரவு 10.31

பனிப் பூறு? பூறு என்றால் என்ன என்று அடுத்த இழையில் கேட்பார்கள் ஐயா.

கெப்போங் | புதன், காலை 7.15

ஐயா மன்னிக்க வேண்டும், செடி நடுங்குவதில்லை. சொல் தேடும் முன்னால் நடப்பது என்னவென்று பார்த்துவிடுவோம். தாவரவியல் படித்ததற்கு இந்த ஒரு மடலாவது பயன்படட்டும்.

பீசாங் மாஸ் வாழைப்பழச் சீப்பு ஒன்றை ஐஸ்பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். தோல் கறுத்துப் போகும். ஐஸ்பெட்டியில் 4, 5 டிகிரிதான், பனிக்கட்டி எதுவும் கட்டவில்லை. ஆனாலும் பழம் கெட்டது. வாழைக்கு ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது, கப்பலில் ஏற்றுகிறவர்கள் அந்த அளவை ஒட்டியே குளிர் வைக்கிறார்கள். வெப்பமண்டலச் செடிகள் பலவற்றுக்கும் 10 முதல் 15 டிகிரிக்குள் ஓர் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே உயிரணுவின் சவ்வில் உள்ள கொழுப்பு இறுகுகிறது. குளிர் ஊரில் தேங்காயெண்ணெய் கட்டிக்கொள்ளுமே, அது மாதிரி. சவ்வு ஒழுக ஆரம்பிக்கிறது. இலையில் நீர் கோத்தது போலப் புள்ளி விழுந்து, பிறகு கறுக்கிறது. இது சில்லிங்.

மற்றது, சுழியத்துக்குக் கீழே. உயிரணுக்களுக்கு இடையில் இருக்கும் நீர் முதலில் பனிக்கட்டியாகிறது. அந்தக் கட்டி உயிரணுவுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. உயிரணு வற்றிச் சுருங்கிச் சாகிறது. பொழுது விடிந்து பனி உருகியதும் இலை வெந்த கீரை மாதிரி தொங்கும்.

‘உறைவு’ என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கமும் இதுதான். தமிழில் உறைவதற்குப் பனிக்கட்டி தேவையில்லை. பால் உறைகிறது, இரத்தம் உறைகிறது, எண்ணெய் உறைகிறது. சவ்வுக் கொழுப்பு இறுகுவதையும் உறைதல் என்றுதானே சொல்வோம்? அப்போது உறைவூறு இரண்டில் எது?

பிரிக்பீல்ட்ஸ் | புதன், காலை 8.50

எளிமையாகப் போவோம். குளிர்க்காயம், உறைபனிக்காயம். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

ஒன்று கவனித்தீர்களா? சில்லென்று காற்று, சில்லிட்டுப் போனது என்கிறோம். ஆங்கிலத்தில் சில். இது தற்செயலா?

ஆயர் ஈத்தாம் | புதன், காலை 9.30

தற்செயல்தான். ஆங்கிலச் சொல் அவர்களுடைய பழைய மொழியிலேயே இருக்கிறது, கூல், கோல்ட் என்பவற்றின் உறவு. நம்முடையது ஒலிக்குறிப்பு. 2001இல் இதே கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்திலிருந்து ஒவ்வொரு மடற்குழுவிலும் ஓர் அன்பர் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்.

காயம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. உடம்புக்கும் காயம், புண்ணுக்கும் காயம், ரசத்தில் போடுவதும் காயம். போதாக்குறைக்கு உள்ளே ‘காய்’ தெரிகிறது. காய்தல் என்றால் வெயிலில் உலர்வது, தீயில் சுடுவது. குளிரால் வந்த கேட்டுக்கு வெயிலின் வேரைக் கொண்டு வந்து ஒட்டுவதா?

கெப்போங் | புதன், காலை 9.42

செடியில் காய் காய்க்கவும் செய்யும் ஐயா. கையேட்டில் அதுவும் வருகிறது.

ஜெலுத்தோங் | புதன், மதியம் 1.10

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். இந்த இழையில் எழுதிய யாரும் உறைபனியைக் கண்ணால் பார்த்ததில்லை. கோலாலம்பூரில் இரவு 22 டிகிரி ஆனாலே போர்வையைத் தேடுகிறோம். நான் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில், தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். நாட்டிலேயே குளிரான இடம் என்று பெருமை பேசிக்கொள்வோம். கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த அளவே 7.8 டிகிரிதான், 1978 பிப்ரவரியில். பனிக்கட்டிக்கு அங்கேயும் வழியில்லை.

என் சின்னம்மா கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்டவர். நீலகிரிக்காரர்கள் குளிர்காலத் தொடக்கத்தில் விழுவதை நீர்ப்பனி என்பார்கள், பிறகு வருவது உறைபனி. புல்லெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி வெளுத்துவிடும். தேயிலைக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் ‘பனியில கருகிருச்சு’ என்பார்கள். செய்தித்தாளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உறைபனிக் கருகல். சொல் தயாராகவே இருக்கும்போது எதற்குப் பனிப்பூறு?

அங்கே நாற்றுகளின் மேல் மிலார் பரப்பி மூடுவார்கள். மெல்லிய கிளையும் இலையுமாக ஒரு புதர்ச்செடி. துணியெல்லாம் பிறகு வந்ததுதான்.

சில்லிங்குக்கு என் அம்மா சொல்லுவது வேறு. சந்தையிலிருந்து வாங்கி வந்த கத்தரிக்காயில் குழி விழுந்திருந்தால் ‘இது குளிர் அடிச்ச காய்’ என்று ஒதுக்குவார். கல்லடி, கண்ணடி மாதிரி குளிரடி என்று வைத்துக்கொள்ளலாமே?

ஆயர் ஈத்தாம் | புதன், மதியம் 2.05

அம்மா, மிலாறு நல்ல பழஞ்சொல்! வளார் என்றாலும் அதுவே, இளங்கொம்பு. பிள்ளைகளை அடிக்கும் விளாறும் அந்தக் குடும்பம். லகர ளகர மயக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அப்புறம் எழுதுகிறேன்.

ஆனால் குளிரடி? ‘குளிருதடி’ என்று தோழியிடம் சொல்கிற மாதிரி இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் | புதன், மதியம் 2.20

குளிருக்குக் கருகல் எப்படிப் பொருந்தும்? கருகுவதற்கு நெருப்பு வேண்டாமா? காய்தலுக்கு ஒரு நீதி, கருகலுக்கு ஒரு நீதியா ஐயா?

இன்னொன்று: ஜாவாவின் டியெங் மேட்டுநிலத்தில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடிகள் சாகும். அதை அங்கே எம்புன் உபாஸ் என்கிறார்கள். எம்புன் பனித்துளி, உபாஸ் நஞ்சு. நச்சுப்பனி என்று எடுத்துக்கொண்டால் மலாய் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

கெப்போங் | புதன், மாலை 6.30

நச்சுப்பனி என்றால் யாரோ மருந்து தெளித்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள், வேண்டாம்.

கருகலைப் பற்றி நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காலையில் நானே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பனிக்கட்டி நீரை வெளியே இழுக்கிறது, உயிரணு வற்றிச் சாகிறது. நீர் இல்லாமல் பயிர் கருகுவதற்கு நெருப்பா வைக்கிறோம்? மழை பொய்த்தாலும் பயிர் கருகுகிறது. நடப்பதை நீலகிரிக்காரர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஐயா குறை சொன்ன காய்தலும் பொருத்தம்தான். அதைச் சொன்னால் சண்டை புதிதாகத் தொடங்கும்.

குளிரடிக்கும் கை தூக்குகிறேன். சில்லிங் உடனே தெரியாது. செடியைக் கதகதப்பான இடத்துக்கு மாற்றி இரண்டு நாள் கழித்துக்கூடப் புள்ளிகள் வரும். உள்ளடி பட்ட மாதிரி.

ஆயர் ஈத்தாம் | வியாழன், காலை 5.50

இரவு முழுக்க யோசித்தேன். துணியை யாரும் கவனிக்கவில்லை.

குளிருக்குப் போர்த்தியதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா? பேகன். பரணர் பாடுகிறார், புறநானூறு 145: ‘மடத்தகை மாமயில் பனிக்கும் என்று அருளிப் படாஅம் ஈத்த கெடாஅ நல்லிசை’. மயில் பனிக்கும், அதாவது நடுங்கும் என்று இரங்கிப் போர்வை கொடுத்தான். அந்தப் போர்வையின் பெயர் படாம். பேச வாயில்லாத ஓர் உயிருக்குக் குளிர் தாங்கப் போர்த்திய துணி. ஃப்ராஸ்ட் க்ளாத்துக்கு வேறு சொல் எதற்கு? உறை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், ‘உறைபனிக்கு உறை’ என்று வாக்கியம் தடுக்கிவிடும்.

குளிரடியை நான் ஏற்கவில்லை. என் வாக்கு பனிப்பூறுக்கே. ஒரு வாக்காக இருந்தாலும் பதிவு செய்யுங்கள்.

செந்தூல் | வியாழன், இரவு 11.15

எல்லாருக்கும் நன்றி. கண் எரிகிறது, ஆனாலும் கணக்கு இதுதான். குளிரடி நான்கு பேர், குளிர்க்காயம் இரண்டு பேர், பனிப்பூறு ஒருவர். மற்றதற்கு உறைபனிக் கருகல். துணிக்குப் படாம் என்று போட ஆசைதான், ஐயாவின் மடலைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. தலைப்பில் ஒரு முறை ‘படாம்’, உள்ளே ‘மூடுதுணி’ என்று வைத்திருக்கிறேன். ஒரு பத்தியை ஒட்டுகிறேன், தட்டுப்படுகிறதா பாருங்கள்:

“மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். உறைபனி விழுவது அன்றைக்குத்தான். மாலையே மண்ணுக்கு நீர் விடுங்கள், காய்ந்த மண்ணைவிட ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். மூடுதுணி தரையைத் தொட வேண்டும். தலையில் மட்டும் போர்த்தித் தண்டோடு சேர்த்துக் கட்டினால், தரையிலிருந்து எழும் சூடு உள்ளே வராமல் போய்விடும். பிளாஸ்டிக் தாளாக இருந்தால் இலையில் படக்கூடாது. பொழுது விடிந்து வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். கருகிய இலைகளை உடனே வெட்டாதீர்கள். அவை உள்ளே இருக்கும் குருத்துக்குக் காவல். குளிர்காலம் போய்ப் புதுத் துளிர் வந்தபின் வெட்டலாம். தொட்டிச் செடிகளுக்குக் குளிரடி படாமலிருக்க, இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்பே வீட்டுக்குள் கொண்டு வாருங்கள்.”

பிரிக்பீல்ட்ஸ் | வியாழன், இரவு 11.22

பிளாஸ்டிக்? நெகிழி!

கெப்போங் | வியாழன், இரவு 11.24

தயவுசெய்து, இன்றைக்கு வேண்டாம்.

செந்தூல் | சனி, காலை 10.05

கையேடு போய்விட்டது. தோட்டத்துக்குப் பொறுப்பான அக்கா ஒருவர் அங்கிருந்து பதில் எழுதியிருக்கிறார். குளிரடி புரிந்ததாம், கருகலும் புரிந்ததாம். “படாம் எந்தக் கடையில் கிடைக்கும் தம்பி? கிடைக்காவிட்டால் பழைய பெட்ஷீட் போதுமா?” என்று கேட்கிறார்.

ஆயர் ஈத்தாம் | சனி, காலை 10.40

போதும் என்று எழுதுங்கள். பேகனும் கடையில் வாங்கவில்லை.

பனிப்பூறு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், பதினோரு பக்கம் வந்திருக்கிறது. முடிந்ததும் இங்கே அனுப்புகிறேன்.