அமெரிக்காவின் நெவாடா: ஃபைபர் இணையக் கேபிளுக்கு அனுமதி ஏன் இழுக்கிறது?

கேள்வி: இங்கே சுமார் 80 சதவீத நிலம் மத்திய அரசுடையது. எங்கள் ஊருக்கான கேபிள் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். 2018 சட்டப்படி இப்படிப்பட்ட விண்ணப்பத்துக்கு 270 நாளில் முடிவு சொல்ல வேண்டுமே, அப்புறம் என்ன தாமதம்?

பதில் 1: மத்திய அரசு நிலத்தில் கேபிள் போட விண்ணப்பிக்கும் எஸ்எஃப்-299 படிவம் முறையாகத் தாக்கலானால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். ஒரு வரைபடம் குறைந்தாலும் திரும்பி வரும்.

பதில் 2: கெடு தாண்டினால் அனுமதி தந்ததாகவே கருதச் சொல்லும் யோசனைகளும் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கோப்பைப் பார்க்க ஆளே போதாத அலுவலகம் அவசரத்தில் நிராகரித்துவிடும். ஏற்கெனவே தோண்டிய சாலையோரத்துக்கு மறுபடி முழுச் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டாம் என்பதுதான் உருப்படியான திருத்தம்.

கேட்டவர்: எங்கள் கேபிளும் நெடுஞ்சாலை ஓரம்தான்! சரி, காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) உள்ள எங்கள் உறுப்பினருக்கு இதையே எழுதுகிறேன்.