தலை நின்ற பிறகும் காட்சி தாண்டிப் போகிறது: வி.ஆர். ஹெட்செட்டில் முன்கணிப்பை எவ்வளவு வைப்பது?

இறுதியாண்டு_ஈசிஇ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வி.ஆர். ஹெட்செட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். 5.5 அங்குல ஹெச்டிஎம்ஐ பேனல் (2560×1440, 60 ஹெர்ட்ஸ்), தலை அசைவை அளக்கக் கைரோ உள்ள எம்பியு-6050 சென்சார், அதைப் படிக்க ஆர்டுயினோ நானோ என்ற குட்டி போர்டு, அங்கிருந்து யுஎஸ்பி வழியாக லேப்டாப், யூனிட்டி கேம் எஞ்சினில் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் அறையும் திரும்புகிறது, ஆனால் பின்தங்கித் திரும்புகிறது. எங்கள் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) போட்டுப் பார்த்து இரண்டு நிமிடத்தில் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.

தலை அடுத்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து அந்த இடத்துக்குப் படம் வரைந்தால் தாமதம் தெரியாது என்று படித்தேன். கைரோ தரும் கோண வேகம், அதிலிருந்து கழித்து எடுத்த கோண முடுக்கம் இரண்டையும் வைத்து 60 மில்லிசெகண்ட் முன்னால் கணிக்கிறேன். திரும்பிக்கொண்டே இருக்கும்போது பரவாயில்லை. ஆனால் தலையைச் சட்டென்று நிறுத்தினால் காட்சி தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. தலை சும்மா இருக்கும்போதும் படம் நடுங்குகிறது. நடுக்கத்தைக் குறைக்கச் சென்சாருக்குள் இருக்கும் ஃபில்டரை 5 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன், அதற்கப்புறம் தாண்டல் இன்னும் மோசம்.

இரைச்சலான அளவுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் கால்மன் ஃபில்டர் போட வேண்டுமா, இல்லை எல்எஸ்டிஎம் மாதிரி ஏதாவது நியூரல் நெட்வொர்க் பயிற்சி கொடுக்கலாமா? வைவாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

பழைய_பென்டியம்:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. 60 என்ற எண் எங்கிருந்து வந்தது? அளந்தீர்களா?

இறுதியாண்டு_ஈசிஇ:

இல்லை அண்ணா. 20, 40, 60 என்று மாற்றிப் பார்த்தேன், 60-இல் ஏறக்குறையச் சரியாக இருந்தது.

பழைய_பென்டியம்:

நினைத்தேன். முன்கணிப்பை முழுக்க அணைத்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றி, பேனல் வெளியே தெரியும்படி ஹெட்செட்டைக் கையில் பிடித்து வெடுக்கென்று திருப்பி, அதை ஃபோனில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷனில் எடுங்கள். பெட்டி அசைய ஆரம்பித்த ஃப்ரேமிலிருந்து பேனலில் படம் அசைய ஆரம்பித்த ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் என்பது 4.17 மில்லிசெகண்ட். பத்து தடவை செய்து சராசரி எடுங்கள். காசு செலவில்லாத வேலை, ஆனால் பாதிப் பேர் இதைச் செய்யாமலேயே அல்காரிதத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் அந்த 5 ஹெர்ட்ஸ் ஃபில்டர். எம்பியு-6050-இன் ரெஜிஸ்டர் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு ஃபில்டர் அளவுக்கும் எதிரே அது உண்டாக்கும் தாமதமும் போட்டிருக்கும். கைரோவுக்கு 5 ஹெர்ட்ஸில் 18.6 மில்லிசெகண்ட், 188 ஹெர்ட்ஸில் 1.9. நடுக்கத்தைப் போக்க ஃபில்டர் போட்டீர்கள், ஃபில்டர் தாமதத்தைக் கூட்டியது, கூடிய தாமதத்துக்கு இன்னும் தூரம் முன்கணிக்க வேண்டும், தூரம் போகப் போக நடுக்கம் பெரிதாகும், அதற்கு இன்னும் ஃபில்டர். கோவணத்தை எலி கடிக்காமல் இருக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கிய சாமியார் கதைதான் இது.

சைன்வேவ்:

தாண்டலுக்கு நான் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஒரு தடவை எண்ணாகப் பார்த்தால் மறக்காது.

சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கும்போது தலை வினாடிக்கு 200 டிகிரி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கணிப்பே இல்லாமல் 60 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் காட்சி 12 டிகிரி பின்தங்கும். உங்கள் பேனலில் ஒரு கண்ணுக்கு 1280 பிக்சல், பார்வைக் கோணம் 90 டிகிரி என்று வைத்தால் டிகிரிக்குச் சுமார் 14 பிக்சல், ஆக 170 பிக்சல் தள்ளி இருக்கும். ஹெச்ஓடி தண்ணீர் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. இப்போது, முடுக்கத்தை விட்டுவிட்டு, வேகம் மாறாது என்று நம்பி முன்கணிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை அந்த 200 டிகிரி வேகத்திலிருந்து 100 மில்லிசெகண்டில் நிற்கிறது, அதாவது வினாடிக்கு வினாடி 2000 டிகிரி வீதம் வேகம் குறைகிறது. பிழை என்பது பாதி முடுக்கம் பெருக்கல் நேரத்தின் வர்க்கம். 60 மில்லிசெகண்டுக்கு 3.6 டிகிரி, 20 மில்லிசெகண்டுக்கு 0.4 டிகிரி. நேரத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் பிழை ஒன்பதில் ஒன்றாகிறது. உங்கள் உண்மையான தாமதம் 80 ஆக இருந்தால் 6.4 டிகிரி. பஸ்ஸில் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லாம் முன்னால் சாய்வார்களே, உங்கள் காட்சி அதைத்தான் செய்கிறது. பிரேக் போடப் போகிறார் என்ற செய்தி கைரோவில் வருவதற்கு முன் எந்த ஃபில்டராலும் அது தெரியாது.

நடுக்கத்துக்குக் காரணம் முடுக்கத்தைச் சேர்த்தது. அந்தச் சென்சாரின் டேட்டாஷீட்டில் கைரோ இரைச்சல் வினாடிக்கு 0.05 டிகிரி. வேகத்தை மட்டும் வைத்து 60 மில்லிசெகண்ட் முன்னால் போனால் அது 0.003 டிகிரி, ஒரு பிக்சலில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பக்கத்துப் பக்கத்து அளவுகளைக் கழித்து ஒரு மில்லிசெகண்டால் வகுக்கும்போது இரைச்சலை ஆயிரத்தால் பெருக்குகிறீர்கள். அதைத் தூக்கிப் போடுங்கள். வேகம் மட்டும் இருந்தால் தலை நின்றதும் கோண வேகம் சுழி, முன்கணிப்பும் தானே சுழியாகிவிடும்.

இன்னொன்று. வேகம் மாறாது என்ற கணிப்பு அதிர்வைப் பெரிதாக்கும். 10 ஹெர்ட்ஸ் அதிர்வை 60 மில்லிசெகண்ட் கணிப்பு கிட்டத்தட்ட 4 மடங்காக்கும், 20 மில்லிசெகண்ட் கணிப்பு 1.6 மடங்குதான். ஹெட்செட்டின் பட்டை தளர்வாக இருந்து, பேசும்போது பெட்டி ஆடினால் அதுவும் பெரிதாகித் தெரியும். பட்டையை இறுக்குங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாடல்_மச்சி:

கால்மன் எல்லாம் 1960-இல் வந்தது மச்சி, இப்போது யார் அதைப் போடுகிறார்கள். ஒரு குட்டி எல்எஸ்டிஎம், ஆளுக்குப் பத்து நிமிடம் தலை அசைவு டேட்டா, முடிந்தது வேலை. 360 டிகிரி வீடியோ ஸ்ட்ரீமிங்கில் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்.

சைன்வேவ்:

அது வேறு பிரச்சினை. ஸ்ட்ரீமிங்கில் ஒன்று இரண்டு வினாடிக்குப் பிறகு ஆள் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று ஊகித்து அந்தப் பகுதியை மட்டும் நல்ல தரத்தில் இறக்குவார்கள். அங்கே பத்து டிகிரி தப்பினால் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். வீடியோவில் என்ன ஓடுகிறது, மற்றவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பதெல்லாம் அங்கே உதவும், அதனால் கற்றுக்கொள்ளும் மாடலுக்கு இடம் உண்டு. இங்கே 20, 30 மில்லிசெகண்ட், தப்பு ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். இந்தத் தூரத்தில் கழுத்துத் தசையும் மண்டையின் எடையும் சொல்வதற்கு மேல் மாடல் பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று வாரத்தில் டேட்டா சேர்த்து, பயிற்சி கொடுத்து, அதை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓட்டி, அதனால் கூடும் தாமதத்தையும் முன்கணிக்க வேண்டும். பசு வாங்கியாயிற்று, இனி கல்யாணம்தான் பாக்கி.

மொட்டைமாடி:

கால்மனைப் பற்றி நானும் ஒரு வார்த்தை. அது கெட்டதில்லை. நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் அஸூமாவும் கேரி பிஷப்பும் 1994-இல் செய்ததில் கைரோவும் ஆக்ஸிலரோமீட்டரும் தலையில் மாட்டி, கால்மன் வைத்துத்தான் முன்கணித்தார்கள். முன்கணிப்பே இல்லாததைவிடச் சராசரியாக 5 முதல் 10 மடங்கு துல்லியம் கிடைத்தது. ஆனால் அந்த வேலையில் கவனிக்க வேண்டியது வேறொன்று: தலையில் மாட்டிய சென்சார் இல்லாமல் செய்த முன்கணிப்பைவிட, சென்சாரோடு செய்தது 2 முதல் 3 மடங்கு மேல். அதாவது வேகத்தை நேராக அளந்ததுதான் பெரிய லாபம். உங்களிடம் கைரோ ஏற்கெனவே இருக்கிறது. 2003-இல் ஜோசஃப் லாவியோலா இரட்டை அடுக்குக்குறி மென்மையாக்கல் என்ற எளிய முறையைக் கால்மனோடு ஒப்பிட்டார், துல்லியம் ஏறக்குறைய ஒன்றுதான், வேகம் சுமார் 135 மடங்கு. வைவாவில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வி.ஆர். ஹெட்செட் செய்யும் ஓக்குலஸின் முதல் டெவலப்பர் கிட் 2013-இல் வந்தபோது அதுவும் 60 ஹெர்ட்ஸ் பேனல்தான், கைரோவை மட்டும் வினாடிக்கு 1000 தடவை படித்தார்கள். அங்கே தலை அசைவுக் கணக்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டீவன் லவால் எழுதியதைப் படித்தால் உங்களுக்குத் தெம்பு வரும், வேகம் மாறாது என்ற எளிய கணிப்பிலிருந்துதான் அவரும் ஆரம்பிக்கிறார். முடுக்கத்தையும் சேர்க்கிறார்தான், ஆனால் அதற்கு முன்னால் மற்ற தாமதங்களை ஒழித்துக் கட்டியிருந்தார்கள்.

உங்கள் பக்கம் ஒழிக்க வேண்டியவை: நானோவில் யுஎஸ்பிக்கு எஃப்டிடிஐ சிப் இருந்தால் விண்டோஸில் அதன் லேட்டன்சி டைமர் 16 மில்லிசெகண்டில் இருக்கும், டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸுக்குப் போய் 1 ஆக்குங்கள். டெக்ஸ்டாக அனுப்பாமல் பைனரியாக அனுப்புங்கள். யூனிட்டியில் வரிசையில் காத்திருக்கும் ஃப்ரேம் எண்ணிக்கை இயல்பாக 2, அதை 1 ஆக்குங்கள், 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் என்றாலே 16.7. முடிந்தால் டைம்வார்ப்பும் செய்யுங்கள்: அறையைக் கொஞ்சம் அகலமாக வரைந்து வைத்துக்கொண்டு, பேனலுக்கு அனுப்பும் கடைசி நேரத்தில் சென்சாரை மறுபடி படித்து, படத்தை மட்டும் நகர்த்திச் சரிசெய்வது. வரையும் நேரம் முழுக்க முன்கணிப்புக் கணக்கிலிருந்து போய்விடும். தலை சுழல்வதை மட்டும்தான் அது திருத்தும், பக்கத்தில் நகர்வதைத் திருத்தாது, ஆனால் உங்கள் சென்சாருக்கு அந்த நகர்வு எப்படியும் தெரியாதே.

மாடல்_மச்சி:

சரி சரி, எல்எஸ்டிஎம்மை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் 60 ஹெர்ட்ஸ் பேனலில் எவ்வளவு முன்கணித்தாலும் திரும்பும்போது படம் இழுபடுமே?

பழைய_பென்டியம்:

இழுபடும். ஃப்ரேம் முழுக்க பேனல் எரிந்துகொண்டே இருந்தால், 200 டிகிரி வேகத்தில் அந்த 16.7 மில்லிசெகண்டுக்குள் கண் 3.3 டிகிரி நகர்ந்துவிடும், படம் நின்ற இடத்திலேயே இருக்கும். 2014-இல் வந்த ஓக்குலஸின் இரண்டாவது கிட்டில் ஃப்ரேமுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் ஒளிரும் ஓஎல்இடி போட்டு, 75 ஹெர்ட்ஸுக்குப் போனது இதற்காகத்தான். இவர்கள் எல்சிடி பேனலில் அதைச் செய்ய முடியாது. ப்ராஜெக்ட் அறிக்கையில் குறைபாடு என்று ஒரு பத்தி எழுதிவிட்டுப் போகட்டும்.

இறுதியாண்டு_ஈசிஇ:

அண்ணன்மாரே, நான்கு நாள் கழித்து வருகிறேன். அளந்தேன். பழைய அமைப்பில் சராசரி 19 ஃப்ரேம், அதாவது 79 மில்லிசெகண்ட்! நான் 60 என்று ஊகித்து உட்கார்ந்திருக்கிறேன். ஃபில்டரை 188-க்கு ஏற்றி, லேட்டன்சி டைமரை 1 ஆக்கி, வரிசையில் ஒரு ஃப்ரேம் வைத்த பிறகு 10 ஃப்ரேம்தான் வருகிறது, 42 மில்லிசெகண்ட். முடுக்கத்தைத் தூக்கிவிட்டேன், நடுக்கம் போய்விட்டது. தாண்டல் இருக்கிறது, தேடிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு. டைம்வார்ப் இன்னும் செய்யவில்லை, ஷேடர் எழுதத் தெரிந்தவன் ஊருக்குப் போயிருக்கிறான்.

ஸ்லோமோஷனில் ஒரு விநோதம். படம் மாறும்போது பேனலின் இடது பாதி முதலில் மாறி, வலது பாதி இரண்டு ஃப்ரேம் தள்ளி மாறுகிறது. ஒயர் பிரச்சினையா?

சைன்வேவ்:

ஒயர் இல்லை. அது ஃபோனுக்காகச் செய்த பேனல், நட்டுவைத்தால் மேலிருந்து கீழே வரி வரியாக எழுதும். நீங்கள் படுக்கவைத்திருக்கிறீர்கள், அதனால் இடமிருந்து வலமாக எழுதுகிறது. இடது கண் படம் முடிந்த பிறகுதான் வலது கண்ணுக்கே வருகிறது, இடைவெளி பேனலின் அரை ஃப்ரேம், 8.3 மில்லிசெகண்ட், உங்கள் ஃபோன் வீடியோவின் இரண்டு ஃப்ரேமும் அதே கணக்குதான். இரண்டு கண்ணுக்கும் ஒரே முன்கணிப்பு நேரம் வைத்தால் ஏதாவது ஒரு கண் எப்போதும் தப்பு. 200 டிகிரி வேகத்தில் அந்த வித்தியாசம் 1.7 டிகிரி. அந்த 42 எந்தப் பக்கத்தைப் பார்த்து எண்ணியது?

இறுதியாண்டு_ஈசிஇ:

பேனலின் நடுவில் இருந்த ஒரு கோட்டைப் பார்த்து. அப்படியானால் இடது கண்ணுக்கு 38, வலது கண்ணுக்கு 46 வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். இன்று ராத்திரி லேப் சாவி என்னிடம்தான் இருக்கிறது.