அப்பாவின் குரல் மங்கி வருகிறது: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு, கண்ணிமையையும் தொண்டையையும் தாக்கும் வகைத் தசைச்சிதைவு நோய் இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. பெரும்பாலும் 40 வயதுக்குப் பிறகே தலைகாட்டும் இந்நோயில் இமை தொங்குவதும் விழுங்கச் சிரமப்படுவதுமே முதலில் தெரியும் என்பதால், குரல் மாறியதை வெகுநாள் சளி என்றே நினைத்துவிட்டோம். தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவர், ஒரு வாய் தண்ணீர் குடித்ததும், தொண்டைக்குள் நீர் தேங்கியதுபோல் களகளத்த குரலில் பேசுகிறார். இருமினாலும் அது தெளிவதில்லை.

குரல்நாண்களை நெருக்கி மூடும் தசைகள் தளர்ந்தால், குரலில் காற்று கலப்பதோடு, விழுங்கும்போது மூச்சுக்குழாயைக் காக்கும் அடைப்பும் இருமலுக்கு வேண்டிய அழுத்தமும் குறையும் என்று புரிந்துகொண்டேன். குரலைவிட அந்தப் பாதுகாப்பு குறைவதை நினைத்துத்தான் எனக்கு அதிக அச்சம்.

விழுங்குவதை எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் இருந்தால், அதன்பின் சிகிச்சை எவ்வாறு மாறியது என்றும், பேச்சுப் பயிற்சிகளில் தசையைக் களைப்படையச் செய்யாமல் பலன் தந்தவை எவை என்றும் தயவுசெய்து எழுதுங்கள். தொலைபேசியில் அவர் பேசுவது எதிர்முனையில் கேட்பதில்லை. கழுத்தில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியவர்களின் அனுபவமும் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.